பிடிப்பது எளிது, விடுவதுதான் வேலை

இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைக்கத் தொடங்குகிறது. தாடை, கழுத்து, பிறகு கைகால்கள் என்று பரவி ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் மரக்கட்டையாகிவிடும். தசைப் புரதங்கள் சிதையத் தொடங்கிய பிறகுதான், ஒன்றிரண்டு நாளில், அந்த விறைப்பு தளரும். உயிர் போனபின் செலவழிக்க ஆற்றல் ஏது? ஆற்றலே இல்லாத தசை துவண்டு கிடக்காமல் இறுகுவானேன்?

தசை இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் வரிவரியாகக் குறுக்குக் கோடுகள் தெரியும். இரு கோடுகளுக்கு இடைப்பட்ட அலகுக்கு சார்கோமியர் என்று பெயர். ஓய்வில் அதன் நீளம் 2 மைக்ரோமீட்டரைச் சற்றுத் தாண்டும். தடித்த மயோசின் இழைகளும் மெல்லிய ஆக்டின் இழைகளும் இரு கைவிரல்களைக் கோத்ததுபோல் அதற்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. தசை சுருங்கும்போது இழைகள் எவையும் குட்டையாவதில்லை. ஒன்றின் இடுக்கில் மற்றொன்று வழுக்கி நுழைகிறது, அவ்வளவுதான். இதை 1954இல் நேச்சர் ஆய்விதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் அறிவித்தன. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்க்கேயும் ஒரு குழு, ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றொரு குழு. இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு கிடையாது. தசையைப் படிக்க வருகிற எல்லாரும் ஒருமுறையாவது இந்தப் பெயர்க் குழப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

வழுக்கி நுழைய வைப்பவை மயோசினின் தலைகள். ஒவ்வொரு தலையும் ஆக்டினைப் பற்றி, சில நானோமீட்டர் இழுத்து, விட்டுவிட்டு, அடுத்த இடத்தைப் பற்றும். இதில் கவனிக்க வேண்டியது, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி எந்த இடத்தில் நுழைகிறது என்பதை. ஆக்டினை இறுகப் பற்றியிருக்கும் மயோசின் தலையில் ஏடிபி மூலக்கூறு வந்து ஒட்டினால்தான் அந்தப் பிடி விடும். விட்ட பிறகு ஏடிபி உடைந்து, அந்த ஆற்றலில் தலை வில்லைப் பின்னுக்கு இழுத்ததுபோல் நிமிர்ந்துகொள்ளும். அதன் பிறகு ஆக்டினைப் பற்றுவதும் இழுப்பதும் தாமாகவே நடக்கும். இறந்த உடலில் ஏடிபி தீர்ந்துவிடுகிறது. கால்சியத்தை அடைத்து வைத்த சவ்வுகள் கசிகின்றன. மயோசின் தலைகள் பற்றுகின்றன, ஆனால் விட வழியில்லை. அந்த நிலைதான் பிணவிறைப்பு.

தசை பிடிப்பதற்காகப் பிறந்தது, அதை விடவைப்பதற்குத்தான் உடல் மெனக்கெடுகிறது. மூலக்கூறில் தொடங்கும் இந்தக் கதை தண்டுவடத்திலும் மூளையிலும் திரும்பத் திரும்ப வருகிறது. மூளை ஆணையிடுகிறது, தசை கீழ்ப்படிகிறது என்று பள்ளிக்கூடப் படங்கள் காட்டும் அம்புக்குறிகளில் இது விடுபட்டுப் போகிறது.

கால்சியத்திலிருந்து பார்ப்போம். ஓய்விலிருக்கும் தசை செல்லுக்குள் கால்சியத்தின் அடர்த்தி ஏறத்தாழ 0.1 மைக்ரோமோலார். நரம்புத் துடிப்பு வந்ததும் செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கு திறந்து, இந்த அளவு பத்து மடங்குக்கு மேல் எகிறும். கால்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டும்; ஆக்டினை மூடியிருந்த ட்ரோபோமயோசின் விலகும்; மயோசின் பற்றிக்கொள்ளும். கிடங்கைத் திறக்க அதிக நேரமோ செலவோ தேவையில்லை, மடை திறந்தாற்போல் கொட்டிவிடும். கொட்டியதைத் திரும்ப அள்ளி உள்ளே வைப்பதுதான் பாடு. அந்தப் பம்பு இரண்டு கால்சியம் அயனிகளை ஏற்ற ஓர் ஏடிபியைச் செலவழிக்கிறது. அள்ளி முடிப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் இரண்டு இழுப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். துடிப்புகள் போதிய வேகத்தில் வந்தால் தசை தளரவே தளராது, ஒரே இறுக்கமாக நிற்கும். ஆகவே ஒரு தசை நொடிக்கு எத்தனை முறை அடிக்க முடியும் என்பது அது எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறது என்பதோடு நின்றுவிடுவதில்லை. எவ்வளவு விரைவாக விடுகிறது என்பதும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கிறது.

தேரை மீன் இதற்கு நல்ல சாட்சி. ஆண் மீன் துணையை அழைக்க, காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசையை நொடிக்கு ஏறத்தாழ 200 முறை சுருக்கி ஊதல் ஒலி எழுப்புகிறது. முதுகெலும்பிகளில் நரம்புத் துடிப்புக்கு ஒன்று என்ற கணக்கில் இதைவிட வேகமாக அடிக்கும் தசையைக் காண்பது அரிது. இதற்குக் கொடுக்கும் விலை பெரிது. செல்லுக்குள் பெரும் இடத்தைக் கால்சியக் கிடங்கும் பம்புகளும் பிடித்துக்கொள்வதால், இழுக்கும் இழைகளுக்கு இடம் குறைகிறது. மயோசின் தலைகளும் பற்றிய உடனே விட்டுவிடும் வகை. எந்தக் கணத்தில் பார்த்தாலும் பிடித்திருக்கும் தலைகள் சொற்பம், அதனால் விசையும் சொற்பம். அந்தத் தசையை வைத்துக்கொண்டு மீன் நீந்த முடியாது, பாடத்தான் முடியும்.

பழ ஈ வேறு வழி கண்டது. அதன் சிறகு நொடிக்கு 200 முறைக்குமேல் அடிக்கிறது, ஆனால் பறக்கும் தசைக்கு வரும் நரம்புத் துடிப்பு நொடிக்கு ஐந்து அளவில்தான். கால்சியத்தை ஏற்றி இறக்கும் வேலையையே ஈ கைவிட்டுவிட்டது. அளவு எப்போதும் உயர்ந்தே இருக்கும்படி நரம்பு பார்த்துக்கொள்கிறது, துடிப்புகளின் வேலை அதோடு சரி. அடிக்கும் தாளம் தசையிலிருந்தே வருகிறது. இந்தத் தசை இழுபட்டால் சற்றே தாமதித்து வலுவாகச் சுருங்கும், குறுகினால் வலுவிழக்கும். மார்புக்கூட்டில் நீளவாக்கில் ஒரு தொகுதி, செங்குத்தாக ஒரு தொகுதி. ஒன்று சுருங்கும்போது கூடு வளைந்து மற்றொன்றை இழுக்கிறது, இழுபட்டது சுருங்கி முதலாவதை இழுக்கிறது. ஊஞ்சலை அவ்வப்போது ஒரு தள்ளு தள்ளிவிடுபவர்போல் நரம்பு ஒதுங்கி நிற்கிறது.

மட்டியின் கதை நேர்எதிர். ஓட்டை மூடும் தசை மணிக்கணக்கில், மிகக் குறைந்த ஆற்றல் செலவில், பூட்டியதுபோல் நிற்கும். பூட்டுவதற்கு ஒரு நரம்பு அசிட்டைல்கோலினை வெளிவிடுகிறது. திறக்க வேறொரு நரம்பு, அது தருவது செரட்டோனின். செரட்டோனின் வந்து ட்விச்சின் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏற்றினால்தான் பூட்டு கழலும். பிடிக்க ஒரு கம்பி, விட ஒரு கம்பி என்று தனித்தனியாகவே போட்டுவைத்திருக்கிறது இந்தப் பிராணி.

மட்டியில் மட்டுமல்ல, பூச்சிகளிலும் நண்டு இறால் வகைகளிலும் தசையை நேரடியாகத் தளர்த்தும் நரம்புகள் உண்டு. காபா என்ற வேதிப்பொருளைத் தசையின்மீதே தெளித்து அவை அதை அடக்குகின்றன. வெட்டுக்கிளியின் பின்னங்காலை நீட்டும் பெரிய தசைக்கு மொத்தம் நான்கே நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள்: வேகமாக உதைக்க ஒன்று, மெதுவாக நீட்ட ஒன்று, அடக்க ஒன்று, தசையின் பொதுவான போக்கை மாற்ற ஒன்று. மனிதரின் கெண்டைக்கால் தசைக்கு இந்தக் கணக்கு பல நூறு. ஆனால் அந்த நூற்றுக்கணக்கில் ஒன்றுகூட அடக்கும் நியூரான் கிடையாது. நம்மைப் போன்ற முதுகெலும்பிகளில் தசைக்கு வரும் இயக்க நரம்பு அதைச் சுருங்கச் செய்ய மட்டுமே முடியும். அடக்க வேண்டுமானால் தண்டுவடத்திலேயே அந்த நியூரானை வாயடைக்க வேண்டும்.

மருத்துவர் முழங்காலில் சுத்தியலால் தட்டுவது இதைத்தான் பார்க்கிறது. கால் தரையைத் தொடாமல் தளர்வாகத் தொங்க வேண்டும். முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநாணில் தட்ட வேண்டும். தொடையின் முன்தசை திடீரென்று இழுபட, அதற்குள்ளிருக்கும் நீட்சி உணரிகள் துடிப்பு அனுப்பும். தண்டுவடத்தில் ஒரே ஓர் இணைப்பைக் கடந்து அது இயக்க நியூரானைத் தூண்டும். 20 மில்லி நொடி அளவில் தசையில் மின்துடிப்பு தெரியும், கால் உதைக்கும். படங்களில் இவ்வளவுதான் இருக்கும். அதே உணர்வு நரம்பின் இன்னொரு கிளை தண்டுவடத்தில் ஒரு தடுப்பு நியூரானைத் தட்டியெழுப்பி, தொடையின் பின்தசைக்குச் செல்லும் இயக்க நியூரான்களை அடக்குகிறது. எதிர்த்தசை விட்டுக்கொடுக்காவிட்டால் உதை பாதியில் நிற்கும். இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்தவர் சார்லஸ் ஷெரிங்டன். 1932இல் நோபல் பெற்றவர். பயந்து காலை இறுக்கிக்கொள்பவரிடம் இந்தச் சோதனை சரியாக வராது. இரு கைவிரல்களையும் கொக்கிபோல் கோத்து எதிரெதிராக இழுக்கச் சொல்லி, அந்த நொடியில் தட்டினால் உதை பெரிதாக வரும்.

தடுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு நஞ்சுகள் காட்டுகின்றன. எட்டிக்காயாகக் கசக்கிறது என்கிறோமே, அந்த எட்டியின் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின், தண்டுவடத்தில் தடுப்புச் சேதியைக் கொண்டுபோகும் கிளைசினின் ஏற்பிகளை அடைத்துவிடும். தூண்டும் பாதைகள் அப்படியே இருக்க, அடக்கும் பாதைகள் மட்டும் செத்துப்போகின்றன. சிறு ஒலி, லேசான தொடுகை போதும், மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒருசேர இறுகும். எதிரெதிர் தசைகள் முழுவிசையோடு மோதும்போது பெரிய தசைதான் வெல்லும். அதனால் முதுகு வில்லாக வளைகிறது, தாடை பூட்டிக்கொள்கிறது. ரண ஜன்னியிலும் இதே கோலம். காயத்தில் வளரும் கிருமியின் நஞ்சு இயக்க நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்கு ஏறி, அங்கிருந்து தடுப்பு நியூரான்களுக்குத் தாவி, அவை கிளைசினை வெளிவிடாதபடி செய்கிறது.

ரண ஜன்னி நஞ்சும், பொட்டுலினம் நஞ்சின் ஒரு வகையும், நரம்பு முனை தன் வேதிப்பொருளை வெளிவிடத் தேவையான சினாப்டோபிரெவின் என்ற ஒரே புரதத்தை, அதுவும் ஒரே இடத்தில், வெட்டுகின்றன. கத்தரி ஒன்றுதான். பொட்டுலினம் தசைக்கு அருகிலேயே தங்கி இயக்க நரம்பில் அதை வெட்டுவதால் உடல் துவண்டுபோகிறது. ரண ஜன்னி நஞ்சு தண்டுவடம் வரை போய்த் தடுப்பு நியூரானில் அதை வெட்டுவதால் உடல் விறைத்துப்போகிறது. நரம்பு மண்டலத்தில் ஒரு பொருள் என்ன செய்யும் என்று கேட்பவர், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நடை, நீச்சல், பறத்தல் போன்ற தாள இயக்கங்களுக்கு வருவோம். 1911இல் தாமஸ் கிரகாம் பிரவுன், பூனையின் தண்டுவடத்தை மூளையிலிருந்து துண்டித்து, காலிலிருந்து வரும் உணர்வு நரம்புகளையும் வெட்டிப் பார்த்தார். அப்போதும் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் மாறிமாறி இயங்கின. அவர் தந்த விளக்கத்தின் சாரம் இன்றும் நிற்கிறது: இரண்டு நியூரான் கூட்டங்கள் ஒன்றையொன்று தடுக்கின்றன. ஒன்று பேசும்போது மற்றது வாய்மூடும். பேசிப்பேசிக் களைத்ததும் அதன் தடுப்பு தளர, மற்றது எழுந்து முதலாவதை அடக்கும். தாளத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் தேவைப்படவில்லை.

தாடையில்லாத விலாங்கு போன்ற லாம்ப்ரே மீனின் தண்டுவடத்தைத் தனியே எடுத்துக் கரைசலில் வைத்தாலும், தகுந்த வேதிப்பொருள் சேர்த்தால் இடம் வலம் என்று நீச்சல் தாளம் போடும். அதில் ஸ்ட்ரிக்னின் விட்டால் தாளம் நிற்காது, ஆனால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் துடிக்கும். அதாவது தாளத்தை உண்டாக்குவது வேறு, பக்கங்களை மாறிமாறிப் போட வைப்பது வேறு. பின்னது குறுக்கே செல்லும் தடுப்பின் வேலை. தண்டுவடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடக்கும் குறிப்பிட்ட நியூரான் வகையை மரபணு மாற்றத்தால் நீக்கிய எலிகள் முயல்போல் இரு கால்களையும் சேர்த்துத் தாவின. குதிரைகளில் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறினால், ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும் நடை வாய்க்கிறது. அந்த மரபணு வேலை செய்யும் இடமும் தண்டுவடத்தின் சில நியூரான்கள்தாம்.

மேலே இருந்து என்ன வருகிறது? 1966இல் ஷிக், செவரின், ஒர்லோவ்ஸ்கி மூவரும் முன்மூளை நீக்கப்பட்ட பூனையை ஓடும் பட்டையின்மேல் நிறுத்தி, நடுமூளையில் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். மெல்லத் தூண்டினால் நடை. கூட்டினால் ஓட்டம், இன்னும் கூட்டினால் நாலுகால் பாய்ச்சல். கால்களை எப்படி வைப்பது என்று அந்த மின்சாரம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எவ்வளவு வேகம் என்பதை மட்டும் சொன்னது. மற்றதைத் தண்டுவடம் கவனித்துக்கொண்டது. காலிலிருந்து வரும் சேதியையும் தண்டுவடம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. நடக்கும் பூனையின் பாதத்தின் மேற்புறத்தில் ஒரு குச்சி பட்டால், கால் காற்றில் இருக்கும்போது இன்னும் மடங்கித் தடையைத் தாண்டும். அதே குச்சி, கால் தரையில் ஊன்றியிருக்கும்போது பட்டால் மடங்காது, நீட்டும் தசை இன்னும் இறுகும். எடை தாங்கும் காலை அப்போது மடக்கினால் பூனை விழுந்துவிடும்.

வெட்டுக்கிளியின் பாய்ச்சல்தான் இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மூன்று கிராம் எடையுள்ள பூச்சி தன் உடல் நீளத்தைப்போல் பல மடங்கு தூரம் தாவுகிறது. கால் நீள்வது 30 மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். எந்தத் தசையாலும் அவ்வளவு குறுகிய நேரத்தில் அத்தனை ஆற்றலைத் தர இயலாது. வேகமாகச் சுருங்கச் சுருங்கத் தசையின் விசை குறையும் என்பது விதி. ஆகவே பூச்சி முன்கூட்டியே சேமிக்கிறது. முதலில் முழங்காலை முற்றிலும் மடக்குகிறது. பிறகு மடக்கும் தசை, நீட்டும் தசை இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்குகிறது. நீட்டும் தசை மிகப் பெரியது. சுமார் 15 நியூட்டன் வரை இழுக்கும், அதாவது ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமம். அதன் முன் மடக்கும் தசை சின்னஞ்சிறியது. ஆனாலும் அதுதான் காலைப் பிடித்து நிறுத்துகிறது. காரணம் நெம்புகோல் கணக்கு. முழுதாக மடங்கிய நிலையில் நீட்டும் தசையின் இழுப்பு மூட்டின் அச்சுக்கு மிக அருகே செல்வதால் சுழற்றும் திறன் மிகக் குறைவு. மடக்கும் தசையின் நாணோ முழங்காலுக்குள் இருக்கும் ஒரு சிறு மேட்டின்மேல் ஏறி அச்சிலிருந்து விலகிச் செல்கிறது. இந்தப் பிடிமானத்தில் அரை நொடி போல் நிற்கும்போது, நீட்டும் தசை மெதுவாகச் சுருங்கி, முழங்காலின் பிறைவடிவத் தகடுகளையும் தன் நாணையும் வில்லாக வளைத்துவிடும்.

பாய்ச்சலைத் தொடங்கிவைப்பது எது? புதிதாக எந்தத் தசையும் சுருங்குவதில்லை. மடக்கும் தசையின் இயக்க நியூரான்களைத் தடுப்பு நியூரான்கள் ஒரே வீச்சில் அடக்குகின்றன. பிடி விடுகிறது, வளைந்த தகடுகள் நிமிர்கின்றன, பூச்சி காற்றில். தொடக்கத்திலேயே கால் முழுதாக மடங்கவில்லையென்றால் சின்னத் தசைக்கு அந்த நெம்புகோல் அனுகூலம் கிடைக்காது. வில் நிரம்புவதற்குள் கால் நழுவி, பாய்ச்சல் உப்புச்சப்பில்லாத உதையாக முடியும்.

மனித மூளையின் அடியில் உள்ள குளோபஸ் பாலிடஸ் என்ற கரு, அதாவது நியூரான் திரள், இதே தந்திரத்தை வேறு அளவில் செய்கிறது. அதன் உள்பகுதி நியூரான்கள் நாம் சும்மா இருக்கும்போதே நொடிக்குப் பல பத்து முறை துடித்தபடி, இயக்கத்தோடு தொடர்புடைய தலாமஸ் பகுதிகளையும் மூளைத்தண்டின் பகுதிகளையும் காபாவால் அடக்கிக்கொண்டிருக்கின்றன. ஓர் அசைவு வெளிப்பட, அதற்குரிய இடத்தில் மட்டும் இந்தத் துடிப்பு கொஞ்சம் ஓய வேண்டும். இந்தக் கருவைத் தட்டிக்கொடுத்துத் துடிக்க வைப்பவற்றில் சப்தலாமிக் கரு ஒன்று. ரத்தக்கசிவால் அது சேதமானால் அடக்குமுறை தளர்ந்து, எதிர்ப்பக்கக் கையோ காலோ எதையோ வீசி எறிவதுபோல் தானாகவே சுழன்றடிக்கும். பார்க்கின்சன் நோயில் இதன் மறுபக்கம்: டோபமின் குறைந்து அடக்குமுறை மிஞ்சிப்போவதால் முதல் அடி எடுத்துவைக்கவே கால் மறுக்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று உண்டு, 1915இல் ஆஸ்கர் கோன்ஸ்டாம் விவரித்தது. சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, கையை நேராகத் தொங்கவிட்டு, புறங்கையால் சுவரை வெளிப்புறமாக அழுத்துங்கள். 30 முதல் 60 நொடி, விடாமல். உடலைச் சாய்த்து எடையைச் சுவரில் போட்டால் பலிக்காது, தோள் தசைதான் அழுத்த வேண்டும். பிறகு சுவரை விட்டு விலகி, கையைத் தளர்த்திவிடுங்கள். ஓரிரு நொடி கழித்துக் கை தானாகவே மிதந்து மேலே எழும். எல்லாருக்கும் எழுவதில்லை. எழுந்தால், எதிர்த்து இறக்க முயலாமல், எழாதே என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். பலருக்குக் கை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

மரகதக் குளவி இவற்றையெல்லாம் நம்மைவிட நுட்பமாகப் பயன்படுத்துகிறது. தன் குஞ்சுக்கு உணவாகக் கரப்பானைப் பிடிக்கும் இந்தக் குளவி இரண்டு முறை கொட்டும். முதல் கொட்டு மார்பில்: முன்னங்கால்கள் சில நிமிடங்கள் செயலிழக்கும். இரண்டாவது கொட்டுக்கு அதுதான் அவகாசம். இம்முறை கொடுக்கு கழுத்து வழியாகத் தலைக்குள் போய், மூளையையும் அதன் கீழுள்ள நரம்பு முடிச்சையும் தேடி நஞ்சை இறக்குகிறது. முன்னங்கால்கள் மீண்ட பிறகு பார்த்தால் கரப்பானுக்கு வாதம் ஏதுமில்லை. மல்லாக்கப் போட்டால் புரண்டு நிமிர்கிறது. தண்ணீரில் விட்டால் நீந்தத் தொடங்குகிறது, ஆனால் சீக்கிரமே கைவிட்டுவிடுகிறது. மார்பு முடிச்சுகளில் உள்ள நடைத் தாளம் அப்படியே இருக்கிறது. தானாக நடக்கத் தொடங்குவது மட்டும் இல்லை. குளவி உணர்கொம்பைப் பாதி கடித்துத் துண்டித்து, மீதியைப் பிடித்து இழுக்க, கரப்பான் ஆறு கால்களையும் ஒழுங்காக எடுத்துவைத்து வளைக்குள் நடந்து போகிறது. குளவி அதன் காலில் ஒரு முட்டையை ஒட்டிவிட்டு, வாயிலைச் சிறு கற்களால் அடைக்கிறது. கரப்பான் தள்ளிப் பார்ப்பதுகூட இல்லை.